உங்கள் பெயரில் இன்னொருவர் கடன் வாங்கினால்: அடையாளத் திருட்டிலிருந்து மீள ஒரு முழுமையான வழிகாட்டி

அடையாளத் திருட்டு நம் ஊரில் பெரும்பாலும் மூன்று விதமாகத் தெரியவரும். சுற்றியிருப்பவர்களின் போனெல்லாம் வேலை செய்ய, உங்கள் போனில் மட்டும் சிக்னல் போய்விடும். வாங்காத கடனுக்கு யாரோ தவணை கேட்டு அழைப்பார்கள். அல்லது, மாதச் சம்பளத்தைத் தவிர வேறு வருமானமே இல்லாத வீட்டின் கதவை ஒரு ஜிஎஸ்டி நோட்டீஸ் தட்டும். மூன்றிலும் நடந்தது ஒன்றுதான். ஆதார் எண், பான் எண், புகைப்படம், கையெழுத்து, மொபைல் எண் ஆகியவற்றில் இரண்டு மூன்றைச் சேர்த்து வைத்துக்கொண்டு யாரோ நீங்களாக நடித்திருக்கிறார்கள்.

பணம் போனதைவிட, அதன் பிறகு அலைவதுதான் ஆளை அசரவைக்கும். ஏனென்றால் இதற்கென்று ஒரே அலுவலகம் கிடையாது. ஆதார் ஓர் ஆணையத்திடம், பான் வருமான வரித் துறையிடம், சிம் தொலைபேசி நிறுவனத்திடம், கடன் வரலாறு நான்கு தனியார் நிறுவனங்களிடம், குற்றம் காவல்துறையிடம். ஒருவரிடம் சொன்னது அடுத்தவருக்குத் தெரியாது. போலீஸில் புகார் கொடுத்துவிட்டதால் சிபில் அறிக்கையிலிருந்து கடன் தானாக மறைந்துவிடாது. வங்கி கணக்கை முடக்கிவிட்டதால் சிம் திரும்பி வந்துவிடாது. இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருக்கப்போவது நீங்கள் கையில் எடுத்துச் செல்லும் கோப்பு மட்டுமே. அதை எப்படித் தயார் செய்வது, எந்த வரிசையில் எங்கே காட்டுவது என்பதுதான் இந்த வழிகாட்டி.

இணையத்தில் தேடினால் அமெரிக்க ஆலோசனைகள் கொட்டிக் கிடக்கும். 'கிரெடிட் ஃப்ரீஸ் செய்யுங்கள்', அதாவது உங்கள் பெயரில் புதுக் கடன் கிடைக்காதபடி கடன் வரலாற்றையே பூட்டிவிடுங்கள், என்பது அவற்றின் முதல் வரி. அங்கே சட்டம் அந்த வசதியைத் தருகிறது. இங்கே அதை நம்பித் திட்டம் போட முடியாது. நம் வழி வேறு.

திருட்டுக்கு முன்பே தொடங்க வேண்டிய கோப்பு

ஒரு சாதாரண பிளாஸ்டிக் ஃபைல் போதும். எல்லாம் போனில்தானே இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு ஒரே பதில்: முதலில் பறிபோவது அந்தப் போனாகத்தான் இருக்கும்.

முதல் தாளில் எண்களைக் கையால் எழுதுங்கள். சைபர் நிதி மோசடிக்கு 1930. ஆதாருக்கு 1947. ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புத் தொடர்பு மையத்துக்கு 14448. ஒவ்வொரு வங்கியின் கார்டு முடக்கும் எண், உங்கள் கணக்கு எண், கிளையின் மின்னஞ்சல் முகவரி. உங்கள் சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை வேறு நிறுவன போனிலிருந்து அழைக்கக்கூடிய முழு எண்ணாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று இலக்கக் குறுக்கு எண் அந்த நேரத்தில் உதவாது. போனில் *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் அதே தாளில் எழுதுங்கள். போன் தொலைந்தால் அதைச் செயலிழக்கச் செய்யக் கேட்கப்படுவது அந்த எண்தான். பின் எண்ணும் கடவுச்சொல்லும் இந்தக் கோப்புக்குள் வரவே கூடாது. வீட்டில் இன்னொருவரின் மொபைல் எண்ணையாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது தாள்தான் பலரும் வைத்திருக்காதது: ஆதார், பான் நகல்களை யார் யாரிடம் கொடுத்தீர்கள் என்ற பட்டியல். வேளச்சேரியில் வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர், பழைய ஹவுஸ் ஓனர், திருவல்லிக்கேணி லாட்ஜ், பள்ளிச் சேர்க்கை, கேஸ் ஏஜென்சி, தவணையில் ஃபிரிட்ஜ் வாங்கிய கடை. தேதியும் காரணமும் போதும். 'யார் மேலாவது சந்தேகம் இருக்கிறதா?' என்று காவல் நிலையத்தில் கேட்கும்போது இந்தத் தாள் பேசும்.

இனிமேல் கொடுக்கும் ஒவ்வொரு நகலின் மேலும் எழுத்தின் மீது படும்படி குறுக்கே கோடிட்டு, இன்னாருக்கு, இன்ன காரணத்துக்கு, இன்ன தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆணையத்தின் இணையதளத்திலேயே பதிவிறக்கலாம். பெரும்பாலான இடங்களுக்கு அதுவே போதும்.

ஜெராக்ஸ் கடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கவுன்டரில் ஒட்டியிருக்கும் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஆதார் பிடிஎஃப் கோப்பை அனுப்புகிறோம். கடைப் பையன் கணினியில் திறக்கிறான். 'பாஸ்வேர்டு என்ன?' என்கிறான். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளையும் பிறந்த ஆண்டையும் வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்கிறோம். அச்சான தாளை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம். கோப்பு அந்தக் கணினியின் பதிவிறக்க அடைவில், நூற்றுக்கணக்கான ஆதார்களுக்கு நடுவே இருந்துகொண்டே இருக்கிறது. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம். அந்தக் கணினியைத் தொடும் எல்லோரையும் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? பென் டிரைவில் கொண்டுபோய், அச்சானதும் எதிரிலேயே அழிக்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

இன்றிரவே போட வேண்டிய பூட்டுகள்

ஆதார் இணையதளத்திலோ செயலியிலோ கைரேகை, கருவிழிப் பதிவுகளைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது. இலவசம். இது ஏன் முக்கியம்? ஆதார் எண்ணையும் கைரேகையையும் கொண்டு பணம் எடுக்கும் முறையில் ஓடிபி தேவையே இல்லை. பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த ரேகைகளை நகலெடுத்துச் செயற்கை விரல் செய்து, இந்த வழியில் பணம் எடுத்த வழக்குகள் பல மாநிலங்களில் பதிவாகியுள்ளன. பூட்டி வைத்தால் அந்தக் கதவு மூடிவிடும்.

ஆனால் இந்தப் பூட்டு உங்களுக்கும் சேர்த்துத்தான். ரேஷன் கடையில் விரல் வைத்தால் இயந்திரம் ஏற்காது. ஓய்வூதியர் வாழ்நாள் சான்று கொடுக்கப் போனாலும் இதே கதைதான். வீட்டில் யார் ரேஷன் வாங்கப் போகிறார் என்பதை முடிவு செய்து, அவர் மட்டும் போகும் முன் தற்காலிகமாகத் திறந்துவிட்டுப் போகலாம். இந்தச் சிறு தொல்லைக்குப் பயந்து பூட்டாமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன்.

அங்கேயே 'அங்கீகார வரலாறு' என்ற பகுதி இருக்கும். கடந்த 6 மாதங்களில் உங்கள் ஆதாரை எந்த நிறுவனம், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, ஓடிபி மூலமா கைரேகை மூலமா சரிபார்த்தது என்பது அதில் தெரியும். ஒருமுறை பார்த்துவையுங்கள். இயல்பு எது என்று தெரிந்தால்தான் பின்னால் விகற்பம் கண்ணில் படும்.

வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வைப்பது, கார்டின் இணையப் பயன்பாட்டுக்கு வரம்பு போடுவது, வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குவது எல்லாம் ஒரு காபி ஆறுவதற்குள் முடியும் வேலைகள். மின்னஞ்சலுக்கு மட்டும் கூடுதல் நேரம் கொடுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பு போட்டு, போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டு வையுங்கள். மற்ற கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பெல்லாம் வந்து சேருமிடம் அந்த மின்னஞ்சல்தான்.

முதல் ஒரு மணி நேரம்

எதை முதலில் செய்வது என்று குழம்பி நின்றே பலர் இந்த மணி நேரத்தை இழக்கிறார்கள். வரிசை இதுதான்: சிம், வங்கி, 1930, மின்னஞ்சல்.

காரணமில்லாமல் சிக்னல் போய், போனை அணைத்துப் போட்டும் வரவில்லை என்றால், இன்னொருவர் போனிலிருந்து உங்கள் சிம் நிறுவனத்தை அழையுங்கள். ஒரே கேள்வி: 'என் எண்ணுக்கு மாற்று சிம் கொடுக்கப்பட்டதா, அல்லது வேறு நிறுவனத்துக்கு மாற்றக் கோரிக்கை வந்ததா?' ஆம் என்றால் உடனே முடக்கச் சொல்லி, புகார் எண்ணை வாங்குங்கள். ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் போகிறது. அதை நிறுத்தாமல் கடவுச்சொற்களை மாற்றிக்கொண்டிருந்தால், மாற்ற மாற்ற அவர்களும் மாற்றுவார்கள். சிம் வேலை செய்துகொண்டே அழைப்புகளும், அழைப்பாக வரும் ஓடிபியும் மட்டும் வரவில்லை என்றால் ##002# அழுத்தி அழைப்பு மடைமாற்றங்களை ரத்து செய்யுங்கள்.

அடுத்து வங்கி. கார்டு, இணைய வங்கி, யுபிஐ மூன்றையும் முடக்கச் சொல்லுங்கள். ஒன்றைச் சொன்னால் மூன்றும் முடங்கும் என்று நினைக்காதீர்கள்; தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பணம் போயிருந்தால் 1930. வங்கியின் பெயர், கணக்கு எண், பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை ஆகியவை கையில் இருக்க வேண்டும். உங்கள் பணம் ஒரு கணக்கில் இறங்கி, அங்கிருந்து பல கணக்குகளாகப் பிரிந்து ஓடும். ஓடி முடிப்பதற்குள் வழியில் எங்காவது நிறுத்திவைப்பதுதான் இந்த எண்ணின் வேலை. அதனால்தான் அவசரம். பணம் போகவில்லை, பெயரில் மோசடி மட்டும் நடந்திருக்கிறது என்றால் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளமான சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்னில் நேரடியாகப் பதிவு செய்யலாம். 1930-இல் பேசியவர்களும் அங்கே புகாரை முழுமையாக்கி, ஒப்புகையை அச்சிட்டுக் கோப்பில் வைக்க வேண்டும்.

கடைசியாக மின்னஞ்சல். கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதாது. எந்தெந்தச் சாதனங்களில் திறந்திருக்கிறது என்று பார்த்து எல்லாவற்றிலிருந்தும் வெளியேறுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு முகவரியும் உங்களுடையவைதானா, அஞ்சல்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஏதாவது நுழைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். திருடியவர்கள் விட்டுச்செல்லும் பின்வாசல் பெரும்பாலும் இந்த விதிதான்.

ஆதாரம் எதையும் அழித்துவிடாதீர்கள். பயத்தில் குறுஞ்செய்திகளை நீக்குவதும் போனை ஃபார்மேட் செய்வதும் புகாரின் வேரையே அறுப்பதாகும். முதலில் படம் பிடியுங்கள், பிறகு மற்றது.

எல்லோருக்கும் ஒரே கதை

அன்றிரவு ஒரு வேலை இருக்கிறது. நடந்ததை ஒரே பக்கத்தில், நேர வரிசையில் எழுதுங்கள். கோபம் வேண்டாம், ஊகம் வேண்டாம். இப்படி:

'மார்ச் 3, மாலை 6.40: என் மொபைலில் சேவை நின்றது. 7.15: என் தம்பியின் போனிலிருந்து சேவை மையத்தை அழைத்தேன், மாற்று சிம் வழங்கப்பட்டதாகச் சொன்னார்கள், புகார் எண் இது. 7.30: வங்கியை அழைத்துக் கணக்கை முடக்கினேன், புகார் எண் இது. 7.05-க்கும் 7.22-க்கும் இடையே நான் செய்யாத இரண்டு பரிவர்த்தனைகள் நடந்துள்ளன. மாற்று சிம்முக்கு நான் விண்ணப்பிக்கவில்லை. ஓடிபியை யாரிடமும் சொல்லவில்லை.'

கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் எழுதுங்கள். சொல்லியிருந்தால், யாரிடம், எந்தச் சூழலில், என்ன சொல்லி ஏமாற்றினார்கள் என்று அப்படியே எழுதுங்கள். வங்கிக்கு ஒன்று, போலீஸுக்கு ஒன்று என்று இரண்டு கதை சொன்னவர்களின் நிலை பின்னால் மிகவும் பலவீனமாகிவிடும். இந்த ஒரு பக்கம்தான் இனி எல்லா இடத்துக்கும் இணைப்பாகப் போகும். சில நிறுவனங்கள் இதையே உறுதிமொழிப் பத்திரமாகக் கேட்கும். சென்னை உயர் நீதிமன்றத்துக்கு எதிரே பாரிமுனைப் பக்கம் போனால் நோட்டரிகளுக்குப் பஞ்சமில்லை.

கூடவே ஒரு பேரேடு: தேதி, அலுவலகம், பேசியவரின் பெயர், புகார் எண், அடுத்து என்ன செய்வதாகச் சொன்னார்கள். போனில் பேசிய ஒவ்வொன்றையும் அன்றே ஒரு மின்னஞ்சலாகத் திருப்பி அனுப்புங்கள்: 'இன்று 11 மணிக்குப் பேசியபடி...' என்று தொடங்கி. இவ்வளவு எளிய பழக்கம் இவ்வளவு பலன் தருவதை வேறெங்கும் பார்க்க முடியாது.

காவல் நிலையத்தில் என்ன கேட்டு வாங்குவது

முதலில் எல்லை. சென்னை, தாம்பரம், ஆவடி என்று 2022 முதல் மூன்று காவல் ஆணையரகங்கள் இருக்கின்றன. அம்பத்தூர் மாநகராட்சி எல்லைக்குள் இருந்தாலும் போலீஸ் கணக்கில் ஆவடி. பள்ளிக்கரணை தாம்பரத்தில் சேரும். வேப்பேரி ஆணையர் அலுவலகத்துக்கு ஆட்டோ பிடிக்கும் முன் உங்கள் வீடு எதில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பினால் ஒரு பிடி இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவுப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னணு வழியில் கொடுத்தால் 3 நாள்களுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். நிலைய அதிகாரி பதிவு செய்ய மறுத்தால் மேலதிகாரிக்கு எழுத்து மூலம் அனுப்பலாம். அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

நடைமுறையில் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீதுதான். அதை அலட்சியமாக நினைக்க வேண்டாம், அதோடு நின்றுவிடவும் வேண்டாம். புகார் வந்தது என்பதற்கு அது சான்று. வழக்கு பதிவானதற்கு எஃப்ஐஆர்தான் சான்று. கடன் நிறுவனங்களிடம் பேசும்போது எஃப்ஐஆர் நகலின் எடை வேறு. புகாரில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளைக் குறிப்பிடுங்கள். முன்னது அடையாளத் திருட்டு, பின்னது கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. அந்தச் சட்டப்படி விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையக் கூடாது. எனவே 'இன்ஸ்பெக்டர் வரட்டும்' என்று உட்கார வைப்பதில் ஓரளவு நியாயமும் உண்டு.

அசல் ஆவணங்கள் தொலைந்திருந்தால் அது வேறு வரிசை. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையிலேயே தொலைந்த ஆவண அறிக்கை எடுக்கலாம். நகல் கேட்கும் அலுவலகங்களில் அதைக் காட்டலாம். திருட்டு நடந்திருக்கிறது என்று தெரிந்தே 'தொலைந்துவிட்டது' என்று எழுதிவிடாதீர்கள்.

வங்கி: நாள்களை எண்ணுங்கள்

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தவறு வங்கியிலும் இல்லை, உங்களிடமும் இல்லை, இடையில் வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாள்களுக்குள் சொல்லிவிட்டால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. 4 முதல் 7 வேலை நாள்களுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அது 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதித்தால் வங்கியின் சொந்தக் கொள்கைப்படி. புகார் வந்த 10 வேலை நாள்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வைக்கவும், 90 நாள்களுக்குள் முடிவு சொல்லவும் அதே சுற்றறிக்கை கேட்கிறது. கவனக்குறைவு உங்களுடையது என்றால், நீங்கள் தகவல் தரும் வரையிலான இழப்பு உங்கள் தலையில். தகவல் தந்த பிறகு நடப்பது வங்கியின் தலையில். எதுவானாலும், வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது. கிளையில் இப்போது பின்பற்றும் வாடிக்கையாளர் பொறுப்புக் கொள்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

கிளை மேலாளர் 'நீங்கள்தான் ஓடிபி கொடுத்திருப்பீர்கள்' என்று வாயால் சொன்னால், அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குவார்கள்.

30 நாள்களில் பதில் இல்லை, அல்லது பதிலில் திருப்தி இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்தில் புகார் செய்யலாம். கட்டணம் கிடையாது. வழக்கறிஞரும் தேவையில்லை. ராஜாஜி சாலையில் ரிசர்வ் வங்கிக் கட்டடம் இருக்கிறதே என்று மனுவோடு அங்கே போக வேண்டாம். காகிதத்தில் அனுப்பும் புகார்களைப் பெறும் மையம் சண்டிகரில் இருக்கிறது.

பெரிய தொகை என்றால் இன்னொரு வழியும் உண்டு, அதிகம் பேர் அறியாதது. தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலரே இழப்பீட்டுத் தீர்ப்பாளர். 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிக்கலாம். 2010-இல் ஒரு ஃபிஷிங் (வங்கியின் பெயரில் போலி மின்னஞ்சல் அனுப்பி விவரங்களைப் பறிக்கும் மோசடி) வழக்கில் தமிழ்நாட்டின் செயலர், வாடிக்கையாளருக்கு இழப்பீடு தருமாறு வங்கிக்கு உத்தரவிட்டார். அந்த மனுவுக்கு வழக்கறிஞரின் துணை நல்லது.

1930 வழியாக நிறுத்திவைக்கப்பட்ட பணம் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று காத்திருக்காதீர்கள். அதை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம். விசாரணை அதிகாரியிடம் எந்தக் கணக்கில் எவ்வளவு நிறுத்தப்பட்டுள்ளது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

கடன் அறிக்கை: போர் நடக்கும் இடம்

எல்லோரும் 'சிபில்' என்றே சொல்கிறோம். ஆனால் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள். ஒன்றில் இல்லாத கடன் இன்னொன்றில் இருக்கும்.

அறிக்கை வந்ததும் எல்லோரும் மதிப்பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். அதை விடுங்கள். மூன்று பகுதிகளைப் பாருங்கள். கணக்குகள் பகுதியில் நீங்கள் அறியாத கடன் இருக்கிறதா? முகவரி, தொலைபேசிப் பகுதியில் உங்களுடையது அல்லாத எண்ணோ, நீங்கள் ஒருபோதும் குடியிருக்காத ஊரோ இருக்கிறதா? விசாரணைகள் பகுதியில் நீங்கள் அணுகாத நிறுவனம் உங்கள் வரலாற்றைக் கேட்டிருக்கிறதா? மூன்றாவதுதான் முன்னெச்சரிக்கை மணி. கடன் இன்னும் கிடைக்கவில்லை, முயற்சி நடக்கிறது என்று அர்த்தம்.

பொய்க் கடன் தெரிந்தால் ஒரே நாளில் இரண்டு புகார்கள். அறிக்கை நிறுவனத்தின் இணையதளத்தில் மறுப்பு ஒன்று, கடன் கொடுத்ததாகச் சொல்லும் நிறுவனத்தின் முதன்மைக் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம் இன்னொன்று. அறிக்கை நிறுவனம் தானாக எதையும் நீக்காது; கடன் நிறுவனத்தைத்தான் கேட்கும். அந்த நிறுவனம் 'சரியான கடன்தான்' என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினால் உங்கள் மறுப்பு மூடப்படும். அதைத் தடுப்பது உங்கள் கடிதம்:

'மேற்கண்ட கடனுக்கு நான் விண்ணப்பிக்கவில்லை, தொகையைப் பெறவில்லை. கீழ்க்கண்டவற்றின் நகல்களைத் தரவும்: விண்ணப்பப் படிவம், பெறப்பட்ட கேஒய்சி ஆவணங்கள், விண்ணப்பத்தின்போது எடுக்கப்பட்ட புகைப்படம், கடன் ஒப்பந்தமும் அதில் கையெழுத்திட்ட முறையும், ஓடிபி அனுப்பப்பட்ட மொபைல் எண், தொகை செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கின் விவரம், விண்ணப்பித்த சாதனம், இணைய முகவரி ஆகியவற்றின் பதிவுகள். விசாரணை முடியும் வரை வசூல் நடவடிக்கைகளை நிறுத்தி வைக்கவும்.'

இந்தப் பட்டியலில் தங்கம் எது என்றால், தொகை செலுத்தப்பட்ட கணக்கு. அது உங்களுடையது இல்லை என்றால் நிறுவனத்தின் வாதம் அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். புகைப்படம் அடுத்தது, ஆதாரில் இருக்கும் படத்தையே திரையிலிருந்து படம் பிடித்து ஏமாற்றியிருப்பது பார்த்தாலே தெரிந்துவிடலாம்.

புகார் கொடுத்த 30 நாள்களுக்குள் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த 30 நாள்களில் கடன் நிறுவனத்தின் பங்கு 21 நாள்கள். தொகை பெரிதல்ல. ஆனால் 31-ஆவது நாள் அனுப்பும் நினைவூட்டலில் இந்த விதியைக் குறிப்பிட்டுப் பாருங்கள், கோப்பு நகரும்.

மிச்ச இடங்களைத் துழாவுதல்

சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை மொபைல் இணைப்புகள் இருக்கின்றன என்று பார்த்து, தெரியாத எண்ணை 'என்னுடையது அல்ல' என்று குறிக்கலாம். தொலைந்த போனை முடக்குவதும் அங்கேயேதான். வருமான வரித் தளத்தில் ஆண்டுத் தகவல் அறிக்கையைத் திறந்து, நீங்கள் அறியாத வட்டி வருமானமோ பங்குப் பரிவர்த்தனையோ இருக்கிறதா என்று பாருங்கள். அது உங்கள் பெயரில் ஓடும் இன்னொரு கணக்கின் தடயமாக இருக்கலாம். அதற்கு எதிரே மறுப்பைப் பதிவு செய்யும் வசதி இருக்கிறது.

ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடினால் அந்தப் பானில் பதிவான நிறுவனங்கள் தெரியும். உங்கள் பெயரில் ஏதேனும் முளைத்திருந்தால், அது மாநில வரம்பா மத்திய வரம்பா என்பதும் அங்கேயே இருக்கும். மாநிலம் என்றால் சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் வணிகவரித் துறைத் தலைமையகத்தையும் நோட்டீஸில் உள்ள வட்ட அலுவலகத்தையும் எழுத்தில் அணுகுங்கள். நோட்டீஸ் உங்களுக்கு உரியதல்ல என்பதற்காகப் பதில் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. பதில் வராத நோட்டீஸ் உத்தரவாக மாறும்.

சொந்த மனையோ வீடோ இருந்தால் வில்லங்கச் சான்றிதழையும் பாருங்கள். பதிவுத் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம், கட்டணமில்லை. ஆள்மாறாட்டம் செய்து பத்திரம் பதிந்த வழக்குகளுக்குச் சென்னையைச் சுற்றிக் குறைவே இல்லை. காலி மனை வைத்துக்கொண்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு இது பழக்கமாகவே ஆக வேண்டும்.

வசூல் ஆளும் இரண்டாம் திருடனும்

பொய்க் கடனுக்கு வசூல் ஆள் அழைக்கும்போது செய்யும் பெரிய பிழை, தொல்லை ஒழியட்டும் என்று ஒரு தவணை கட்டுவது. கட்டிய அந்த நிமிடம் கடனை ஒப்புக்கொண்டதாக வாதாட அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். அவர் சொல்வார்: 'சார், இப்போதைக்கு 2,000 மட்டும் கட்டுங்கள், மீதியை நான் பேசித் தள்ளுபடி வாங்கித் தருகிறேன்.' நீங்கள் சொல்ல வேண்டியது: 'இது மோசடிக் கடன். புகார் எண் இது. உங்கள் பெயர், ஏஜென்சியின் பெயர், அங்கீகாரக் கடிதம் மூன்றையும் எழுத்தில் அனுப்புங்கள்.' அதற்கு மேல் பேச்சு வேண்டாம். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் நேரத்தோடு பேரேட்டில் ஏற்றுங்கள்.

இதைவிட ஆபத்தானவர் அனுதாபத்தோடு அழைப்பவர். 'உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், செயலாக்கக் கட்டணம் மட்டும் செலுத்துங்கள்' என்பார். அல்லது 'உங்கள் ஆதார் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது, வீடியோவில் விசாரணை, இணைப்பைத் துண்டிக்கக் கூடாது' என்று சீருடையில் மிரட்டுவார். ஏமாந்தவர்களின் பட்டியலும் விலைக்குப் போகிறது. எந்தக் காவல் அதிகாரியும் வீடியோ அழைப்பில் கைது செய்வதில்லை. அப்படி ஒரு சட்டமே இல்லை. வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு இதை மட்டுமாவது நேரில் உட்காரவைத்துச் சொல்லுங்கள்.

அடுத்து வரும் மாதங்கள்

நான்கு நிறுவனங்களின் இலவச அறிக்கைகளை ஒரே நாளில் எடுத்து முடித்துவிட்டீர்கள் அல்லவா? அடுத்த ஆண்டிலிருந்து, மூன்று மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்து எடுங்கள். ஆண்டு முழுவதும் காசு செலவில்லாமல் கண்காணிப்பு இருக்கும். உங்கள் அறிக்கையை யாராவது கேட்டால் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்பதும் இப்போது விதி. எனவே நான்கு இடத்திலும் உங்கள் இப்போதைய எண்ணும் முகவரியும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

கடன் நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டால் 'தீர்க்கப்பட்டது' என்ற குறிப்போடு விட்டுவிடாதீர்கள். அந்தச் சொல், கடனை வாங்கிப் பாதிக் கட்டிச் சமரசம் செய்துகொண்டவர்களுக்குப் போடுவது. பதிவையே நீக்கச் சொல்லுங்கள். நீங்கள் கடன்தாரர் அல்ல என்றும், இந்தக் கணக்கில் உங்களிடமிருந்து எதுவும் வர வேண்டியதில்லை என்றும் நிறுவனத்தின் முகவரித் தாளில் கையெழுத்தோடு கடிதம் வாங்குங்கள். வாராக்கடன்களை மொத்தமாக வேறு நிறுவனங்களுக்கு விற்பது வழக்கம். விற்ற பட்டியலில் உங்கள் பெயர் தவறிப்போய் ஒட்டிக்கொண்டிருந்தால், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் புதிய பெயருடைய ஒரு நிறுவனத்திலிருந்து அதே கடனுக்கு அழைப்பு வரும். அன்று அந்தப் புதிய நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டியது இந்தக் கடிதத்தின் நகலும் எஃப்ஐஆர் நகலும்தான். அசலைக் கொடுக்காதீர்கள்.